நீர்ச்சுழற்சிப் படத்தில் மனிதன் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற செவ்வாய்க்கிழமை தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் நீர்ச்சுழற்சி பற்றிய கட்டுரையும் பெரிய வண்ணப்படமும் வந்திருந்தன. "இது இயற்கை தானாகவே நடத்திக்கொள்ளும் வேலை" என்று கட்டுரையை முடித்திருந்தார்கள். படத்தில் சூரியன், கடல், மேகம், மலை, ஆறு எல்லாம் இருந்தன. ஒரு வீடு இல்லை, ஒரு போர்வெல் இல்லை. என் பேத்தி அதை வெட்டி நோட்டில் ஒட்டப் போனாள். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன்.

புவியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். உலகம் முழுக்க இதே குறைதான் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. 2019-இல் ஆய்வாளர்கள் 450-க்கும் மேற்பட்ட நீர்ச்சுழற்சிப் படங்களை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 100-க்கு 15 படங்களில்தான் மனிதனின் கைவரிசை தெரிந்தது. அதே 2019-இல்தான் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்த ரயிலும் நீர்ச்சுழற்சியில் சேர்த்திதானே?

நான் இருப்பது மடிப்பாக்கத்தில். மழைநீர் மண்ணுக்குள் இறங்குவதாகப் படத்தில் அம்புக்குறி போட்டிருக்கிறீர்கள். எந்த மண்ணுக்குள்? எங்கள் தெருவில் இந்த மதில்சுவரிலிருந்து அந்த மதில்சுவர் வரை சிமென்ட் போட்டுவிட்டார்கள். குடியிருப்பின் மொட்டைமாடியிலிருந்து வரும் குழாய், மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் தொட்டிக்கு ஒரு முழம் மேலே உடைந்து நிற்கிறது. தொட்டி மூடியைத் திறந்தால் ஜல்லி தெரியாது. இறுகிப்போன சேறு, பால் கவர், உடைந்த டைல்ஸ். பெய்கிற மழை சிமென்டில் விழுந்து அப்படியே கால்வாய்க்கு ஓடுகிறது. அப்புறம் கோடையில் லாரிக்கு போன் போட்டுவிட்டு வாசலில் காத்திருக்கிறோம்.

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் மட்டும் 3 லட்சம் லிட்டர் விழுகிறது. 12,000 லிட்டர் லாரியில் 25 லாரித் தண்ணீர்! இதைச் சேமிக்கத்தானே 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள்? அடுத்த சில ஆண்டுகளில் நல்ல மழையும் சேர்ந்துகொள்ள, கிணறுகளில் நீர் ஏறியதை எங்கள் பகுதியில் கண்ணாலேயே பார்த்தோம். பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளத்திலும் இதே கதைதான். இந்தப் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் எல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்பில் தங்கி, ஒக்கியம் மடுவு என்ற நீர்வழியாக மெல்லக் கடலுக்குப் போக வேண்டும். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த சதுப்பு என்பார்கள். 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது 1,247 ஹெக்டேர்தான். தண்ணீர் தங்க வேண்டிய இடத்தில் நாம் தங்கிக்கொண்டோம். ஆனால் 2015 வெள்ளத்துக்கும் மழைதான் காரணம் என்று எழுதினீர்கள், 2019 வறட்சிக்கும் மழைதான் காரணம் என்று எழுதினீர்கள். அப்போதே வருத்தப்பட்டு ஒரு கடிதம் அனுப்பினேன். பிரசுரமாகவில்லை. அது போகட்டும். ஏரிக்கரை அடுக்குமாடி விளம்பரங்களுக்கு முழுப்பக்கம் கிடைப்பதைப் பார்க்கும்போதுதான் மனம் கேட்பதில்லை.

சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில் பல ஆண்டுகள் நிலத்தடி நீரை உறிஞ்சியதில், கடல்நீர் நிலத்துக்கு அடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. கிணறு உப்பானால் பயிர் என்ன ஆகும்? பிறகு அதே பக்கத்தில் 2010-இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. நாளுக்கு 10 கோடி லிட்டர். உப்பைக் கடலிலேயே விட்டுவிட்டு நன்னீரை மட்டும் மேகமாக்கி வீட்டு மாடி வரை கொண்டுவந்து தருகிறது வெயில், காசு வாங்காமல். அதை ஓடவிட்டுவிட்டு, மின்சாரம் செலவழித்து அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறோம். இதைப் பிள்ளைகளிடம் சொல்லாத பாடம் என்ன பாடம்?

தங்கள் மீது மரியாதை உள்ள பழைய வாசகி என்ற உரிமையில் கேட்கிறேன். அந்தப் படத்தைத் திருத்தி இன்னொரு முறை வெளியிடுங்கள். போர்வெல், சிமென்ட் தரை, லாரி, சாக்கடை கலக்கும் ஆறு, சதுப்பின் மேல் நிற்கும் கட்டடம் எல்லாம் அதில் இருக்கட்டும். பக்கத்திலேயே மழைநீர்த் தொட்டியைத் தூர்வாரி மணலும் ஜல்லியும் மாற்றுவது எப்படி என்று நான்கு வரி போடுங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் வந்தால், ஆள் பிடித்து வேலையை முடிக்க நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியை,
மடிப்பாக்கம், சென்னை.