பிரேக்கர் பிடிக்கும் கைகளுக்காக: குமரி மாவட்டக் கான்ட்ராக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

கட்டட வேலை எடுத்து நடத்தும் கான்ட்ராக்டர்களுக்கும், பாறை உடைக்கும் மிஷினான பிரேக்கரை வாடகைக்கு விடும் கடைக்காரர்களுக்கும் வணக்கம்.

ஒரே ஆளிடம் நாள் முழுக்க பிரேக்கரைக் கொடுக்காதீர்கள். முதலில் கேட்பது இதைத்தான்.

விளவங்கோடு, கல்குளம் பக்கம் பல இடங்களில் தோண்டத் தொடங்கியதுமே பாறை தட்டும். ஜேசிபி நுழையாத ஊடுவழி, பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டிய செப்டிக் டேங்க் குழி என்றால் கையால் பிடிக்கும் பிரேக்கர்தான் கதி. நன்றாகப் பிடிப்பான் என்று பெயர் எடுத்தவன் தலையிலேயே அது விழுகிறது. குழிக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்தால், டீ குடிக்கக்கூட மிஷினைக் கீழே வைக்கமாட்டான்.

அப்படி வருஷக்கணக்கில் பிடித்த ஒருவரோடு தக்கலையில் சாப்பிட உட்கார்ந்தேன். சாளை மீனின் முள் அவர் விரலுக்குத் தட்டுப்படவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கண்ணால்தான் முள் எடுத்தார். சட்டைப் பொத்தானை மகள் போட்டுவிடுகிறாளாம். சர்க்கரையாக இருக்கும் என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், சர்க்கரை இல்லை. என்ன வேலை செய்கிறீர்கள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

மிஷினின் அதிர்வால் விரல் நரம்பு கெடும் இது புதிய நோயல்ல. அமெரிக்காவின் இண்டியானாவில் காற்றழுத்த உளி பிடித்த கல்தச்சர்களின் விரல்கள் வெளுத்து மரத்துப்போவதை ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் 1918-லேயே ஆராய்ந்தார். குளிர் நாடுகளில் விரல் வெளுப்பதால் நோய் கண்ணில் படுகிறது. நம் வெயிலில் அந்த வெளுப்பு அவ்வளவாகத் தெரியாது. மரமரப்பும் ஊசி குத்துவதும்தான் தெரியும். வேலை அலுப்பு என்று விட்டுவிடுகிறோம். நரம்பு ரொம்பக் கெட்டுவிட்டால் பிறகு மீள்வது கடினம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் கொண்டுவந்த விதிப்படி, 8 மணி நேர வேலைநாளுக்கு அதிர்வின் உச்சவரம்பு 5 மீ/வி² (அதிர்வின் வலுவை அளக்கும் அலகு இது). 10 மீ/வி² அதிரும் பிரேக்கரை ஒருவர் 2 மணி நேரம் பிடித்தாலே அந்த வரம்பு வந்துவிடும். அதிர்வு பாதியானால் பிடிக்கக்கூடிய நேரம் நான்கு மடங்கு. நல்ல மிஷின் வாங்கச் சொல்வது அதனால்தான். நம் நாட்டில் 1998-ஆம் ஆண்டின் மத்திய கட்டுமானத் தொழிலாளர் விதிகள் இரைச்சலிலிருந்தும் அதிர்விலிருந்தும் தொழிலாளியைக் காக்கக் கூறின. இரைச்சலுக்கு அளவு குறித்த அந்த விதிகள் அதிர்வுக்கு எண் எதுவும் தரவில்லை. எண் இல்லாவிட்டாலும் கடமை உங்களுடையதுதான்.

பாறை உடைக்கும் நாளில் இரண்டு மூன்று பேர் மாறி மாறிப் பிடிக்கட்டும், குழிக்கணக்கில் இல்லாமல் நாள்கூலியாகவே கொடுங்கள். கடைக்காரர்களே, மிஷினோடு வரும் புத்தகத்தில் அதிர்வு அளவு இருக்கும். அதைப் பெயிண்டால் மிஷின் மேலேயே எழுதி வையுங்கள். உளி மழுங்கியதையும் கைப்பிடி ரப்பர் தேய்ந்ததையும் வாடகைக்கு விடாதீர்கள். மழுங்கிய உளியோடு வேலை இழுக்கும், ஆளும் இன்னும் இறுக்கிப் பிடிப்பான், அதிர்வு இன்னும் ஏறும். கையுறை கொடுத்தோமே என்று இருந்துவிடவும் முடியாது. பிரேக்கர் அதிர்வுக்கு அதை நம்ப முடியாது.

விரல் மரக்கிறது என்று சொல்கிறவரை, உள்ளூர்க்காரரானாலும் பீகாரிலிருந்து வந்தவரானாலும், வேலையை விட்டு நிறுத்தாதீர்கள். பிரேக்கரை மட்டும் வாங்கிக்கொண்டு வேறு வேலை கொடுங்கள். நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில்தான் பலரும் வாய் திறப்பதில்லை.

இப்படிக்கு,
குமரி மாவட்டக் கட்டடத் தொழிலாளி ஒருவர்