பின்னிருக்கைக்காரர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் அந்த்வான் து செந்த்-எக்சுபெரியின் 'வோல் த நுய்' ('இரவுப் பறத்தல்', 1931) நாவலைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 'குட்டி இளவரசன்' எழுதியவர் தபால் விமானம் ஓட்டியவர் என்பதை விரிவாகச் சொன்னது நன்று. பகலில் ரயிலையும் கப்பலையும் முந்திச் சேர்த்த நேரத்தை ராத்திரி தரையில் நின்று தொலைக்கக் கூடாதென்றுதான் இருட்டிலும் பறந்தார்கள் என்ற விளக்கமும் சரி. ஆனால் விமானி ஃபாபியனையும், புவெனோஸ் ஐரிஸில் காத்திருக்கும் அதிகாரி ரிவியேரையும் பற்றி இரண்டு பக்கம் எழுதியவர், ஃபாபியனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த வயர்லெஸ்காரருக்கு ஒரு வரிகூடத் தரவில்லை.

தந்தி ஆபீசில் மோர்ஸ் தட்டிச் சம்பளம் வாங்கியவன் நான். எனக்கு அவர்தான் முதலில் கண்ணில் பட்டார். என்ஜின் இரைச்சலில் பேச்சு கேட்காது. எல்லாம் துண்டுச் சீட்டுதான். அர்ஜென்டினாவின் தெற்கே உள்ள படகோனியாவிலிருந்து வரும் வழியில் புயல். ஊர் ஊராக விசாரிக்கிறார், எங்கும் வானம் மூடிக் கிடக்கிறது. விரல்களில் பொறி பறக்கிறது, செய்தி வாங்க முடியவில்லை என்று எழுதிக் கொடுக்கிறார். ஐப்பசி இடியில் கருவியைத் தொடப் பயந்து நானும் கையை இழுத்துக்கொண்டதுண்டு. ஆனால் நாங்கள் எழுந்து போய் ஒரு டீ குடிக்கலாம். அவருக்குப் போக்கிடம் ஏது? முன்னால் தெரியும் விமானியின் முதுகைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

மேகத்துக்கு மேலே ஏறி நட்சத்திர வெளிச்சத்துக்கு வந்ததும் வயர்லெஸ்காரர் சிரிக்கிறார். "இப்போ பரவாயில்லை" என்று கத்துகிறார்; இரைச்சல் அதை விழுங்கிவிடுகிறது. பெட்ரோலோ தீர்ந்துகொண்டிருக்கிறது. அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஃபாபியனைத் தேடி மனைவி அலுவலகத்துக்கு வருகிறார். இந்த வயர்லெஸ்காரருக்கோ நாவலில் பெயர்கூட இல்லை.

நிஜத்திலும் இதே கதைதான். 1930 மே மாதம் பிரெஞ்சு தபால் விமானி ழான் மெர்மோஸ் சுமார் 130 கிலோ தபாலுடன், செனகலின் செயின்ட் லூயியிலிருந்து பிரேசிலின் நத்தாலுக்குத் தென் அட்லாண்டிக்கைத் தாண்டினார் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். வழி பார்த்த ழான் தாப்ரியும் வயர்லெஸ் பார்த்த லெயோபோல் ழிமியேவும் அதே விமானத்தில் இருந்தார்கள். 1936 டிசம்பர் 7-இல் மெர்மோஸ் அதே கடலில் காணாமல் போனபோது கடைசியாக வந்தது, வலது பின் என்ஜினை நிறுத்துகிறோம் என்ற செய்தி. அதைத் தட்டியது மெர்மோஸின் கை அல்ல.

அடுத்த இதழில் மெர்மோஸ் பற்றிய கட்டுரை வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் தாப்ரி, ழிமியே பெயர்களையும் சேர்த்துப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தந்தி ஊழியர்,
மதுரை.