இருமொழி வகுப்பில் தமிழுக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐந்தாம் தரம்வரை, புலமைப்பரிசில் பரீட்சை உட்பட, எல்லாவற்றையும் தமிழில் படித்த பிள்ளை ஆறாம் தரத்தில் இருமொழி வகுப்புக்குப் போனதும் விஞ்ஞானமும் கணிதமும் ஆங்கிலத்தில் வருகின்றன. முதல் மாதம் ஆசையாகக் கையுயர்த்திய பிள்ளை போகப்போக வாய் திறப்பதில்லை. சிலர் ஓரிரு வருடங்களில் தமிழ் மூலத்துக்கே திரும்பிவிடுகிறார்கள். "உனக்கு விஞ்ஞானம் ஓடாது" என்ற பேச்சு அதோடு ஒட்டிக்கொள்கிறது. விஞ்ஞானம் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு இதுதான் பெரிய வேதனை. அதே கேள்வியைத் தமிழில் கேட்டால் அந்தப் பிள்ளை மளமளவென்று விடை சொல்லும்.

பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் பொறியியலும் ஆங்கிலத்தில்தான். அதனால் இருமொழி வகுப்பு கட்டாயம் வேண்டும். ஆனால் அவசரம் கூடாது. பேச்சு ஆங்கிலம் சுமார் இரண்டு ஆண்டுகளில் வந்துவிடும், பாடம் படிக்கத் தேவையான ஆங்கிலத்துக்கு ஐந்து ஆண்டுகளாவது வேண்டும் என்கிறார் கனடாவில் குடியேறிய பிள்ளைகளை ஆராய்ந்த பேராசிரியர் ஜிம் கம்மின்ஸ். அது சுற்றிவர ஆங்கிலம் ஒலிக்கும் நாடு. எங்கள் திருகோணமலை மாவட்டத்தின் வெருகலிலும் குச்சவெளியிலும் உள்ள பிள்ளைக்குப் பாடவேளையை விட்டால் ஆங்கிலம் எங்கே?

ஆவியாதலைப் படிப்பிக்கும்போது நிலாவெளி உப்பளத்தைப் பற்றிப் பிள்ளைகள் முதலில் தமிழில் பேசட்டும். தண்ணீர் எங்கே போனது, உப்பு ஏன் மிஞ்சியது என்று தங்களுக்குள் வாதாடட்டும். அப்புறம் பாடத்தின் ஆங்கிலச் சொற்களைக் கரும்பலகையில் தமிழோடு சேர்த்து எழுதி, பாதி எழுதிய இரண்டு மூன்று ஆங்கில வாக்கியங்களையும் கொடுத்தால் மீதியை அவர்களே நிரப்புவார்கள். பழகப்பழக இந்த உதவியைக் குறைக்கலாம். படம் வரைந்து பெயரிட்டுக் காட்டினாலும் அது விடைதான். வகுப்புச் சோதனையில் ஆங்கில எழுத்துப்பிழைக்காக விஞ்ஞானப் புள்ளியை வெட்டுவது நியாயமே இல்லை.

தமிழில் கேள்வி கேட்டால் அதட்டுகிற வகுப்புகளும் உண்டு. ஆங்கிலம் பழகட்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் பிள்ளை கேள்வி கேட்பதையே நிறுத்திவிடுகிறது.

கல்வி வெளியீட்டுத் திணைக்களம் விஞ்ஞானப் பாடநூலை ஆங்கிலத்திலும் தமிழிலும் அச்சிடுகிறது. ஒவ்வொரு இருமொழி வகுப்பிலும் நாலைந்து தமிழ்ப் பிரதிகள் மேசையில் கிடக்கட்டும். விளங்காத பந்தியைப் பிள்ளை தானே எடுத்துப் பார்த்துக்கொள்ளும்.

இதையெல்லாம் விஞ்ஞான ஆசிரியர் தலையில் மட்டும் சுமத்த முடியாது. அவர்களில் பலர் தாங்களும் தமிழில் படித்து வந்தவர்களே. விஞ்ஞான ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் சேர்ந்திருந்து பாடம் திட்டமிட வாரத்தில் ஒரு பாடவேளையை நேரசூசியிலேயே ஒதுக்குமாறு எங்கள் மாவட்டத்தின் வலயக் கல்வி அலுவலகங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இதற்குப் புதிய நியமனமோ தனி நிதியோ தேவையில்லை. அடுத்த தவணைக்கான நேரசூசி போடும்போதே அதிபர்கள் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
உவர்மலை, திருகோணமலை.