பெற்றோர் ஆசிரியர் கழகம் – செயலாளர் ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவை பொருளாளர் வாசிப்பாரு, ஆண்டு விழா, தண்ணி டேங்க் வேலையெல்லாம் நீங்க கண்ணால பாத்ததுதான், அதனால நான் இந்த வருஷம் கழகம் ரொம்ப மெனக்கெட்ட விஷயத்தை மட்டும் சொல்லிடுறேன், பள்ளிக்கூடத்துல யாருக்காச்சும் திடீர்னு இதயத்துடிப்பு நின்னு விழுந்துட்டா நம்ம ஸ்டாஃப் என்ன செய்யணும்ங்கறது.

சிபிஆர், அதாவது நெஞ்சை அமுக்கி மூச்சு குடுக்குற முதலுதவி, இல்லாம போற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு 7லேர்ந்து 10 சதவீதம் வரை குறையுது. 108 வந்து சேர்ற வரைக்கும் பக்கத்துல நிக்கிறவங்கதான் டாக்டர். அதனாலதான் டீச்சர்ஸோட வாட்ச்மேன், ஆயாம்மா, சத்துணவு அக்கா எல்லாரையும் ட்ரெய்னிங்ல உக்கார வச்சோம். நிமிஷத்துக்கு 100லேர்ந்து 120 தடவை, பெரியவங்களுக்கு 5 செ.மீ.க்கு குறையாம அமுக்கணும், முழங்கை மடங்கவே கூடாது. ஆயாம்மா பொம்மை மேல அமுக்கின அமுக்கைப் பாத்து மத்தவங்களுக்கும் கூச்சம் போயிடுச்சு.

முக்கியமா கத்துக்கிட்டது இதுதான். விழுந்த புள்ள வாயைத் தொறந்து தொறந்து மூச்சு இழுக்கும், கை காலும் வெட்டலாம், நாம வலிப்புன்னு நெனச்சு கையில சாவிக்கொத்தைத் திணிச்சிட்டு நிப்போம், அங்கேயே நேரம் போயிடும். கூப்ட்டா பதில் இல்ல, மூச்சும் சரியில்லன்னா உடனே அமுக்க ஆரம்பிக்கணும். கிரிக்கெட் பந்து நெஞ்சுல பட்டு நல்லா இருக்கிற பையனுக்கே துடிப்பு நிக்கலாம்னு அன்னைக்குத்தான் நெறைய பேருக்குத் தெரிஞ்சது.

நின்னுபோன துடிப்பை ஷாக் குடுத்து சரி பண்ற ஏஇடி மெஷின், நன்கொடையா வந்தது, ஹெச்எம் ரூம் பீரோல இருந்துச்சு. சாயங்காலம் பசங்க கிரவுண்ட்ல ஓடிட்டு இருப்பாங்க, ரூம் பூட்டியிருக்கும், அப்ப அது இருந்து என்ன புண்ணியம்? ஹெச்எம் சம்மதிச்சதும் கிரவுண்ட் பக்கத்து வராண்டாவுக்கு மாத்தி, பூட்டில்லாத பெட்டில வச்சாச்சு. மெஷினே துடிப்பைப் பாத்துட்டு தேவைன்னாதான் ஷாக் குடுக்கச் சொல்லும், யாரும் பயப்பட வேண்டாம். பேட்டரி, நெஞ்சுல ஒட்டுற பேட் காலாவதி தேதியை மாசாமாசம் பிடி சார் பாத்து ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போடுறாரு.

வேன் டிரைவர்களுக்கு இன்னும் ட்ரெய்னிங் ஆகல, ஜூன்ல முதல் வேலை அதுதான். அப்புறம் முன்கூட்டி சொல்லாம டெர்முக்கு ஒரு ஒத்திகை வைக்கிறதா செயற்குழுல முடிவாயிருக்கு.

பெற்றோர்கிட்ட ஒண்ணு கேக்குறேன். உங்க புள்ள ஓடும்போது மயங்கி விழுந்திருந்தாலோ, குடும்பத்துல யாராச்சும் சின்ன வயசுல திடீர்னு இறந்திருந்தாலோ மறைக்காம டாக்டர்கிட்ட காட்டுங்க, கிளாஸ் டீச்சர்கிட்டயும் எழுதிக் குடுத்துடுங்க.

செயலாளர்