பழைய குழிகளில் நிற்கும் தண்ணீர்

ஆசிரியருக்கு,

வணக்கம். நிலக்கரிச் சுரங்க விபத்துகள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, கூரை சரிவதையும் வாயு வெடிப்பதையும் விரிவாகச் சொன்னது. தண்ணீரைப் பற்றி ஒரே வரிதான். ஜார்க்கண்டின் ஜரியா நிலக்கரிப் பகுதியில் சில ஆண்டுகள் நில அளவை வேலை பார்த்தவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

ஜரியாவிலும் மேற்கு வங்கத்தின் ராணிகஞ்சிலும் நிலக்கரி அடுக்குகளுக்கு இடையே கெட்டியான மணற்கல் இருக்கிறது. அதில் ஊறும் நீர் பெரும்பாலும் மெதுவாகத்தான் கசியும், பம்பு வைத்து இறைத்துவிடலாம். ஆளைக் கொல்வது எப்போதோ தோண்டிக் கைவிட்ட குழிகளில் நிறைந்து நிற்கும் நீர். தோண்டிய இடத்துக்கு மேலே நிலம் அமிழ்ந்து விரிசல் விட்டிருக்கும். மழைக்காலந்தோறும் அதன் வழியே தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும். அந்தக் குழிக்கும் ஆட்கள் வெட்டிக்கொண்டிருக்கிற இடத்துக்கும் நடுவே எவ்வளவு நிலக்கரி மிச்சம் என்று கேட்டால், பழைய வரைபடத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அது தப்பாக இருந்தால் எல்லாம் போச்சு.

இப்படி நீர் புகுந்துதான் 1975 டிசம்பர் 27 அன்று ஜரியா பகுதியின் சாஸ்நாலா சுரங்கத்தில் 370 பேருக்கு மேல் இறந்தார்கள். 2001 பிப்ரவரியில் அதே பகுதியின் பாக்டிகி சுரங்கத்தில் 29 பேர். 1989 நவம்பரில் ராணிகஞ்ச் மகாவீர் சுரங்கத்தில் 6 பேர் மூழ்கினார்கள். உள்ளே சிக்கிய 65 பேரை, மேலிருந்து துளையிட்டு இரும்புக் கூண்டு இறக்கிக் காப்பாற்றினார் பொறியாளர் ஜஸ்வந்த் சிங் கில். மேகாலயாவின் க்ஸான் கிராமத்தில் 2018 டிசம்பரில் 15 பேர் மாட்டிக்கொண்டபோது நிலைமை இன்னும் மோசம். சுற்றிலும் ஆள் தவழ்ந்து போகும் அளவே குறுகலான எலிவளைக் குழிகள், எதற்கும் வரைபடமே கிடையாது. வாரக்கணக்கில் இறைத்தும் பலனில்லை.

நீர் தேங்கிய பழைய குழிக்கு 60 மீட்டருக்குள் அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது என்று விதி இருக்கிறது. சரி, அந்தக் குழி எங்கே முடிகிறது என்பதே தெரியாதபோது 60 மீட்டரை எங்கிருந்து அளப்பது?

இப்போது கைவிட்ட நிலத்தடிச் சுரங்கங்களை வருவாய்ப் பங்கீட்டு முறையில் தனியார் மூலம் திறக்க அரசு நிலக்கரி நிறுவனமான கோல் இந்தியா முனைந்திருக்கிறது. திறப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றின் எல்லையையும் துளையிட்டுச் சரிபார்த்துப் புதிய வரைபடம் போட வேண்டும். பக்கத்துச் சுரங்கத்தில் நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதையும் அதில் குறிக்க வேண்டும். அந்த வரைபடம் உள்ளே இறங்கும் தொழிலாளியின் கண்ணில் படும்படி சுரங்க வாசலிலேயே தொங்க வேண்டும்.

ஓய்வுபெற்ற நில அளவையர்,
கடலூர்.