முன் வரிசையில் இரண்டு பெஞ்சு, வாசலில் ஒரு பை

மதிப்பிற்குரிய போதகர் ஐயா அவர்களுக்கும், மூப்பர்களுக்கும், ஞாயிறுதோறும் என்னோடு ஆராதிக்கும் சபையார் அனைவருக்கும்,

ஸ்தோத்திரம்.

போன மாதம் ஒரு ஞாயிறு. பிரசங்கம் தொடங்கிக் கொஞ்ச நேரந்தான் ஆகியிருக்கும். கைக்குழந்தையோடும் மூன்று வயதுப் பையனோடும் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு தாயின் பக்கத்திலிருந்து பாட்டுப்புத்தகம் ஒன்று தரையில் விழுந்தது. கெட்டி அட்டை, வெறுந்தரை. சத்தம் பெரிதாகத்தான் கேட்டது. நாலைந்து தலைகள் திரும்பின. அந்தப் பெண் குனிந்து புத்தகத்தை எடுத்தாள், பையனின் வாயைப் பொத்தினாள். அவன் வாயே திறக்கவில்லை. அடுத்த நிமிடம் இரண்டு பிள்ளைகளையும் வாரிக்கொண்டு வெளியே போய்விட்டாள். ஆசீர்வாதம் சொல்லி முடியும்வரை தூணோரமாகவே நின்றாள். அதற்கப்புறம் வந்த மூன்று ஞாயிறும் அவளை நான் பார்க்கவில்லை.

அன்று திரும்பிய தலைகளில் என்னுடையதும் ஒன்று. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என்னை உங்களுக்குத் தெரியும். பல வருடமாக ஞாயிறு பள்ளியில் சிறியவர்கள் வகுப்பை எடுத்து வருகிறேன். மகளுக்கு ஞாயிறும் வேலை இருப்பதால், இந்த ஒரு வருடமாக நாலு வயதுப் பேரனையும் ஒன்றரை வயதுப் பேத்தியையும் ஆராதனைக்கு நான்தான் கூட்டி வருகிறேன். வகுப்பில் இருபது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கத் தெரிந்த எனக்குப் பெஞ்சில் இரண்டு பிள்ளைகளை ஒன்றரை மணி நேரம் உட்காரவைக்கத் தெரியவில்லை. முதல் இரண்டு மாதம் ஒரு பிரசங்கம்கூட முழுசாகக் காதில் ஏறவில்லை. ஒரு நாள் வாசலில் நிற்கும் சகோதரர் பக்கத்தில் வந்து, “அம்மா, பாப்பாவைக் கொஞ்சம் வெளியே வச்சுக்குங்களேன்” என்றார். தன்மையாகத்தான் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. சபையின் மனசில் இருந்ததைத்தான் அவர் சொன்னார். ஆனால் வெளியே போய் நின்றால் மைக்கில் குரல் கேட்கிறது, சொல் பிடிபடவில்லை. உள்ளே எல்லோரும் எழுந்து பரமண்டல ஜெபம் சொல்கிறார்கள். நான் செருப்புகளுக்கு நடுவே நிற்கிறேன். பிள்ளை வளர்க்கும் காலத்தில்தான் ஒருவருக்கு ஜெபமும் வசனமும் அதிகம் வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்தில்தான் நாம் அவரை வெளியே நிறுத்துகிறோம்.

நான் கேட்பது இதுதான். ஆராதனையில் பிள்ளைகளை அமைதியாக வைத்திருக்கும் பொறுப்பைத் தாயின் தலையில் மட்டும் கட்டாமல், சபை தன் கையில் எடுக்கவேண்டும். ஞானஸ்நானத்தின்போதோ பிரதிஷ்டையின்போதோ, இந்தப் பிள்ளையை விசுவாசத்தில் வளர்க்கத் துணை நிற்போம் என்று சபையாகச் சேர்ந்து ஒப்புக்கொடுக்கிறோம். அந்த வார்த்தைக்குப் பெஞ்சில்தான் முதல் வேலை இருக்கிறது.

இதைத் தொடங்கவேண்டிய இடம் முன் வரிசை. பிள்ளைக்காரர்கள் கடைசி வரிசையைத் தேடிப் போவது வழக்கம். அழுதால் நழுவி வெளியேற வசதி. நானும் அங்கேதான் உட்கார்ந்தேன். பேரன் பெஞ்சுக்கு அடியில் புகுவதும், முன்னால் இருப்பவரின் முதுகைத் தொடுவதுமாக இருந்தான். ஒரு நாள் அவன் உயரத்துக்குக் குனிந்து பார்த்தேன். எதிரே ஒரு முதுகுப்பலகை, அதில் வார்னிஷ் உரிந்த ஒரு இடம், அதற்கு மேல் யாரோ ஒருவரின் சட்டைக் காலர். அவ்வளவுதான் தெரிந்தது. பாடுவது யார், ஜெபிப்பது யார், எதற்காக எல்லோரும் எழுகிறோம், எதுவும் அவனுக்குத் தெரிய வழியில்லை. அடுத்த ஞாயிறு துணிந்து முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். வேதாகமத்தை எடுத்து வருவதையும், பாடகர் குழு எழுவதையும், காணிக்கைத் தட்டுகள் முன்னால் போய்ச் சேருவதையும் அவன் கண் கொட்டாமல் பார்த்தான். சத்தம் அடியோடு நின்றுவிடவில்லை. பாதியாகக் குறைந்தது.

பிரசங்க நேரம் வேறு. அப்போது பார்க்க ஒன்றும் நடப்பதில்லை, கேட்க மட்டுமே இருக்கிறது. அங்கேதான் பிள்ளையின் கைக்குச் சத்தமில்லாத வேலை தரும் பொருள்களை வைத்த ஒரு பை வேண்டும். அந்தப் பையில் என்ன இருக்கலாம், என்ன கூடாது என்பதைப் பட்டுப் பட்டுத்தான் கற்றேன். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உருண்டையான வண்ணக்குச்சி சரிவான பெஞ்சில் நிற்காது. உருண்டு விழும், அதன் பின்னாலேயே பிள்ளையும் இறங்கும். முக்கோணமாக வரும் குச்சி போட்ட இடத்தில் கிடக்கும். மூன்று நிறம் போதும். பன்னிரண்டு கொடுத்தால் எதை எடுப்பது என்பதே சண்டையாகிவிடும். ஸ்கெட்ச் பேனா வேண்டாம், மூடி தொலையும், பெஞ்சிலும் உடுப்பிலும் கறை. துணிப் புத்தகம் நல்லது: பக்கம் புரட்டினால் சத்தமில்லை, விழுந்தாலும் சத்தமில்லை. நான் முதலில் தைத்ததில் வெல்க்ரோ வைத்திருந்தேன். ஜெபத்தின் நடுவே பேரன் அதைப் பிரித்தபோது கூரை வரைக்கும் கேட்டது. அதைப் பிய்த்தெடுத்துவிட்டுப் பித்தானும் துளையும் வைத்தேன். ஃபெல்ட் துணியில் ஆடு, படகு, மீன், மரம் என்று வெட்டிக் கொடுத்தால், ஃபெல்ட் பலகையில் பசையில்லாமலே ஒட்டி நிற்கும். பிள்ளை கதையை இஷ்டத்துக்கு மாற்றி மாற்றி அடுக்கும். எல்லாவற்றிலும் எங்களுக்கு அதிகம் கைகொடுத்தது நூல் கோக்கும் அட்டை. கெட்டி அட்டையை ஆட்டின் வடிவில் வெட்டி, ஓரமெல்லாம் துளை போட்டு, ஒரு ஷூ லேஸ். அவ்வளவுதான் அதில் இருப்பது.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டிவிடக் கூடாது. ஒன்று முடிந்தபின் ஒன்று. பாட்டும் ஜெபமும் நடக்கையில் பை மூடியே இருக்கட்டும். அப்போது பிள்ளை எழுந்து நிற்கலாம், கை தட்டலாம், அதுவே அதற்கு வேலை. அந்தப் பை வீட்டில் திறக்கவும் கூடாது. வார நாளில் கையில் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமை அலுத்துவிடும்.

கைக்கு வேலை கொடுத்தால் காது சும்மா இருக்கும். சும்மா இருக்கும் காதில் வார்த்தை விழும். இதை நான் கண்ணால் பார்த்தேன். இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய குட்டையான சகேயுவைப் பற்றிப் பிரசங்கம் நடந்த நாள் அது. பேரன் நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு ஆட்டு அட்டையில் லேஸ் கோத்துக்கொண்டிருந்தான். ஒரு முறைகூட நிமிரவில்லை. ஒன்றும் கேட்டிருக்கமாட்டான் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டான்: “பாட்டி, அந்த மாமா குட்டையா இருந்தாருல்ல, அவரை ஏன் யாருமே தூக்கிக் காட்டல?”

எத்தனையோ முறை அந்தப் பகுதியை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஜனக்கூட்டத்தால் அவனால் இயேசுவைப் பார்க்க முடியவில்லை என்ற வரியை நான் எப்போதும் வேகமாகக் கடந்து மரத்துக்குப் போய்விடுவேன். கூட்டத்தில் இருந்தவர்களை நினைத்துப் பார்த்ததே இல்லை.

செல்போனைப் பற்றி ஒரு வார்த்தை. களைத்துப்போன தாய் போனைக் கொடுத்தால் அவளை நான் குறைசொல்லமாட்டேன், நானும் கொடுத்திருக்கிறேன். ஆனால் அது கண்ணையும் காதையும் சேர்த்தே கொண்டுபோய்விடுகிறது. பிள்ளை பக்கத்தில் இருக்கிறது, ஆராதனையில் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்காக வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், 2 முதல் 4 வயதுவரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் போகவேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறது. அதே வழிகாட்டுதல், இந்த வயதுப் பிள்ளைகளை ஒரே மூச்சில் 1 மணி நேரத்துக்கு மேல் அசையவிடாமல் வைத்திருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. நம் ஆராதனை ஒன்றரை மணி நேரம். ஆகவே ஒரு பாட்டின்போது பிள்ளையைக் கையைப் பிடித்துப் பின்வாசல்வரை நடத்திக்கொண்டு வருவதைக் கண்டால், வளர்ப்பு சரியில்லை என்று நினைக்கவேண்டாம்.

சபை பைகளை வைத்தால் பாதுகாப்பும் சபையின் பொறுப்பு. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களின் விளையாட்டுப் பொருளைச் சோதிக்கும் சிறு குழலின் விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுசாக அடங்கும் எதுவும் தொண்டையில் சிக்கலாம். அதனால் சின்னவர்களின் பைக்கு வேறு நிறம், அதில் பித்தானும் இல்லை, லேஸும் இல்லை. பொத்தான் பேட்டரி உள்ள எதுவும் எந்தப் பையிலும் வேண்டாம். துணியெல்லாம் மாதம் ஒரு முறையாவது துவைக்கவேண்டும்.

அமைதி வேண்டும் என்ற ஆசை புதிதல்ல. 17ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துச் சபைகளில் பையன்களைத் தனியாக உட்காரவைத்து, குறும்பு செய்பவனைத் தட்ட நீண்ட கோலோடு ஒருவரை நிறுத்தியிருந்தார்கள். கோல் போய்விட்டது, அந்த வேலையை இன்று நம் பார்வை செய்கிறது. அவர்களுக்கும் வெகு முன்னால், பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களைச் சீஷர்களே அதட்டினார்கள். அதைக் கண்டு ஆண்டவர் விசனமடைந்தார் என்று மாற்கு 10ஆம் அதிகாரம் சொல்கிறது. விசனமடைந்தது பிள்ளைகள்மேல் அல்ல. யாத்திராகமம் 12ஆம் அதிகாரத்தில் பஸ்காவை ஏற்படுத்தும்போதே, இந்த ஆராதனை எதற்கு என்று உங்கள் பிள்ளைகள் கேட்பார்கள் என்று எழுதியிருக்கிறது. கேட்கவேண்டுமானால் பிள்ளை பக்கத்தில் இருக்கவேண்டும், வாய் திறக்கவும் வேண்டும்.

கண்ணாடி வைத்துத் தாய்மார் அறை கட்டலாம் என்று கமிட்டியில் பேச்சு இருப்பதாக அறிகிறேன். அறை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பால் கொடுக்க, உடுப்பு மாற்ற, அடங்காத அழுகையை ஆற்ற ஓரிடம் அவசியம். கத்தோலிக்கத் திருச்சபை 1973இல் வெளியிட்ட சிறுவர் திருப்பலி வழிகாட்டியிலும், பங்கேற்க முடியாத சிறு குழந்தைகளை வேறிடத்தில் பங்கின் உதவியாளர்கள் பார்த்துக்கொண்டு, முடிவில் ஆசீர்வாதத்துக்கு உள்ளே அழைத்து வரலாம் என்று இருக்கிறது. பார்த்துக்கொள்வது உதவியாளர்கள் என்பதைக் கவனியுங்கள். தாய் வெளியேற வேண்டும் என்று அதில் இல்லை. அறைக்குப் போவதா, பெஞ்சில் இருப்பதா என்பதைத் தாயே முடிவு செய்யட்டும். எழுந்து போகச் சொல்லும் வேலை இனி யாருக்கும் வேண்டாம். பெஞ்சிலேயே பால் கொடுக்க விரும்பினால் அதற்கும் இடம் இருக்கட்டும். 2014 ஜனவரியில் போப் பிரான்சிஸ் சிஸ்டைன் சிற்றாலயத்தில் ஞானஸ்நானம் கொடுத்தபோது, பசித்த குழந்தைகளுக்கு அங்கேயே பால் கொடுக்கும்படி தாய்மாரிடம் சொன்னார்.

போதகர் ஐயாவுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். ஒரு குழந்தை அழும்போது நீங்கள் பேச்சை நிறுத்திப் பார்த்தால் சபை முழுவதும் பார்க்கும். புன்னகைத்துவிட்டுத் தொடர்ந்தால் சபையும் தொடரும். அந்தத் தாய் இருப்பதா போவதா என்பது அந்த ஒரு நொடியில் தீர்மானமாகிறது. வருடத்தில் ஒரு முறையாவது பீடத்திலிருந்து சொல்லுங்கள், இந்தச் சத்தம் எனக்கு இடைஞ்சல் இல்லை என்று. நாங்கள் ஆயிரம் பேர் சொல்வதைவிட நீங்கள் ஒரு முறை சொல்வது போதும்.

சபையாரே, காது மந்தமான பெரியவர்களுக்கு ஒரு சிறு சத்தமும் பிரசங்கத்தை மறைத்துவிடும் என்பதை நான் மறக்கவில்லை. என் வயதில் அது எனக்கே தெரிகிறது. அவர்களுக்காக நடுவில் மைக் பெட்டிக்கு அருகிலுள்ள வரிசைகளை ஒதுக்கலாம். மற்றவர்கள் திரும்பிப் பார்க்கத்தான் வேண்டும் என்றால், கையை நீட்டப் பாருங்கள். கைக்குழந்தையோடு திணறுபவளிடமிருந்து பெரியவனை உங்கள் மடிக்கு வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளையும் புது மடியில் கொஞ்ச நேரம் அடங்கியிருக்கும், இது நான் உறுதியாகச் சொல்லக்கூடியது.

இதுவரை ஆறு பைகள் தைத்திருக்கிறேன். நாலு நீலம், பெரியவர்களுக்கு; இரண்டு மஞ்சள், சின்னவர்களுக்கு. வருகிற ஞாயிறு கொண்டு வருகிறேன். வாசலுக்கு உட்புறம், பாட்டுப்புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் ஆறு ஆணி அடித்துத் தரவேண்டும், ஒரு பிள்ளை எட்டி எடுக்கும் உயரத்தில். முதல் இரண்டு பெஞ்சுகளைப் பிள்ளைக்காரர்களுக்கு என்று கமிட்டி எழுதிப் போடவேண்டும். துவைக்கும் பொறுப்பை முதல் ஆறு மாதம் நான் ஏற்கிறேன். தையல் தெரிந்தவர்கள் யாராவது என்னோடு சேர்ந்தால் நல்லது.

அந்தத் தாயின் வீட்டுக்கு இந்த வாரம் போகிறேன். ஒரு நீலப் பையை முதலில் அவளிடம் காட்டிவிட்டு, முன் பெஞ்சில் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் என் பக்கத்தில் இடம் இருக்கிறது என்று சொல்லப் போகிறேன்.

கிறிஸ்துவுக்குள்,
சிறியவர்கள் வகுப்பு ஆசிரியை