மழைக்கு முன் விறகுக்கு ஒரு மேடை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பருவமழை முன்னேற்பாடு என்று ஆண்டுதோறும் நாளிதழ்கள் வடிகால், மின்கம்பம், மெழுகுவத்தி எல்லாவற்றையும் பட்டியலிடுகின்றன. விறகை மட்டும் யாரும் சொல்வதில்லை. கடலூர் பக்கம் கேஸ் அடுப்பு இருக்கும் வீடுகளிலும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் தோட்டத்து அடுப்பு எரிகிறது. புயல் அடித்து சிலிண்டர் வண்டி ஒரு வாரம் வராவிட்டால் சோறும் அதில்தான்.

பெரும்பாலான வீடுகளில் விறகைச் சுவரோரம் தரையிலேயே குவித்து, தார்ப்பாயால் இழுத்து மூடி, மேலே நாலு செங்கல் வைத்துவிடுகிறார்கள். விறகு கெடுவதற்கு இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. தரை ஈரம் கீழிருந்து ஏறுகிறது. விறகிலிருந்து கிளம்பும் ஆவி வெளியேற வழியில்லாமல் தார்ப்பாயின் உட்புறம் முத்து முத்தாகக் கோத்து மறுபடி விறகு மேலேயே சொட்டுகிறது. கரையானுக்கோ சுவரும் விறகும் ஒரே பாதை. இன்று விறகில் இருப்பது நாளை வாசக்காலில் இருக்கும்.

தரையிலும் சுவரிலும் விறகு படாமல் இருக்க ஒரு மேடை போதும். 8 அடி நீளம், 4 அடி உயரத்துக்கு ஒன்றரை அடி நீள விறகை அடுக்கும் மேடைக்கு வேண்டியவை: 16-க்கு 8-க்கு 8 அங்குல ஹாலோ பிளாக் 8, மூன்று அங்குலக் கனமுள்ள சவுக்குக் கழிகள், கூரைக்கு 10 அடி கலர் ஷீட் (வண்ணம் பூசிய தகரம்) ஒன்று, 10 எம்.எம். போல்ட், வாஷர் வைத்த ஷீட் ஸ்க்ரூ, தரைக்கேற்ற அளவு ஜல்லி. கழியில் 8 அடியில் இரண்டு, ஒன்பதரை அடியில் இரண்டு, முன்காலுக்கு ஐந்தே முக்கால் அடியில் இரண்டு, பின்காலுக்கு ஐந்தரை அடியில் இரண்டு, மூலைவிட்டமாகக் கட்ட மெலிந்த கழி ஒன்று.

வீட்டுச் சுவரிலிருந்து ஐந்தடியாவது தள்ளி இடம் பார்க்க வேண்டும். நம் பக்கம் வடகிழக்குப் பருவமழைச் சாரல் கிழக்கேயிருந்தும் வடகிழக்கேயிருந்தும் அடிக்கும். அதனால் மேடையின் முதுகு அந்தப் பக்கம் இருக்கட்டும். தேவனாம்பட்டினம், தாழங்குடா போன்ற மணல் தரையில் பிளாக்குகளுக்கு அடியில் இரண்டு அங்குலக் கனத்துக்கு ஜல்லி போதும். களிமண் தரையில் நாலு அங்குலக் கனத்துக்குப் போட்டு இடித்துக் கெட்டிப்படுத்தாவிட்டால் முதல் மழையிலேயே ஒரு பக்கம் உள்வாங்கி மேடை சாயும்.

பிளாக்குகளை நீளவாக்கில், முன்வரிசைக்கு நாலும் பின்வரிசைக்கு நாலுமாகச் சம இடைவெளியில் வையுங்கள். இரு வரிசைக்கும் நடுவே நாலு அங்குலம் விடவும். ஓட்டை மேலே பார்க்க வேண்டும். இங்கே கிடைக்கும் பிளாக்குகளில் பலவற்றுக்கு அடிப்பக்கம் மூடியிருக்கும். கால் நிற்கும் நாலு மூலை ஓட்டைகளிலும் அடியை உளியால் தட்டி விரல் நுழையும் அளவு துளை போடாவிட்டால் உள்ளே தண்ணீர் தேங்கிக் கால் அங்கேயே அழுகும். மேலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது.

இரு முனையிலும் உள்ள பிளாக்குகளின் வெளி ஓட்டைகளில் காலை இறக்கி, சுற்றிலும் சவுக்குச் சிம்புகளை ஆப்பாக அடித்து இறுக்க வேண்டும். பலமாக இருக்கட்டும் என்று கான்கிரீட் போடுகிறார்கள். அது ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், கழி இற்றால் மாற்றவும் முடியாது. சவுக்கைத் தரையில் புதைப்பதும் வேண்டாம், கழிவு ஆயில் பூசினாலும் கரையான் என்றோ ஒரு நாள் வழி கண்டுபிடித்துவிடும். 8 அடிக் கழிகள் பிளாக்குகளின் மேல் படுக்கும். ஒன்பதரை அடிக் கழிகளைக் கால்களின் தலையில் வைத்து போல்ட் போடவும். காய்ந்த சவுக்கில் ஆணி இறங்காது, வளையும் அல்லது கட்டை வெடிக்கும். டிரில் போட்டுத்தான் போல்ட். முன்காலையும் பின்காலையும் குறுக்கே துண்டுக் கழியால் இணைத்து, முதுகுப் பக்கம் மூலைவிட்டக் கழி ஒன்றைக் கட்டாயம் முடுக்குங்கள். அது இல்லாத மேடை, பாரம் ஏறியதும் நீளவாக்கில் சாய்ந்து படுத்துவிடும். கட்டுக்கம்பியை நம்ப வேண்டாம், உப்புக்காற்றில் அது சீக்கிரமே துருவேறி அறுந்துபோகும்.

ஷீட்டில்தான் பலர் தவறுகிறார்கள். 10 அடி ஷீட்டை அப்படியே நீளவாக்கில் போட்டால் அதன் வரிப்பள்ளங்கள் சரிவுக்குக் குறுக்கே நிற்கும், தண்ணீர் ஓடாது. மூன்று துண்டாக வெட்டி, பள்ளங்கள் முன்னிருந்து பின்னே ஓடும்படி பக்கம் பக்கமாகப் போட்டு, ஒன்றன் மேல் ஒன்று மூன்று அங்குலம் ஏறும்படி வையுங்கள். ஸ்க்ரூ மேட்டில் இறங்க வேண்டும், பள்ளத்தில் அல்ல. பக்கங்களை மூடாதீர்கள். காற்று புகத்தான் இத்தனை வேலையும்.

நாலு அங்குலத்துக்கு மேல் கனமுள்ள உருட்டுக் கட்டையைப் பிளந்துதான் அடுக்க வேண்டும். பட்டையோடு கிடக்கும் முழுச் சவுக்கு வெளியே காய்ந்தது போலக் காட்டி உள்ளே பச்சையாகவே இருக்கும். இரு கோடியிலும் ஒரு வரிசை நெடுக்கு, ஒரு வரிசை குறுக்கு என்று மாற்றி அடுக்கினால் சரியாது. நாலு அடிக்கு மேல் ஏற்றாதீர்கள். இந்த அளவே காய்ந்த சவுக்கில் முக்கால் டன்னை நெருங்கும். முந்திரி விறகை முன்னால் வைத்து முதலில் எரித்துவிடுங்கள், சீக்கிரம் உளுத்து அடியில் மாவு கொட்டும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் சாய்த்த முந்திரியைச் சேர்த்துவைத்த பண்ருட்டி பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. இரண்டு துண்டுகளை மோதிப் பாருங்கள். 'டங்' என்றால் காய்ந்தது, 'தொப்' என்றால் இன்னும் வெயில் வேண்டும்.

பிளாக் தரும் எட்டு அங்குல இடைவெளியில் தென்னை மட்டை, பன்னாடை எதையும் செருகக் கூடாது. எலி வரும், எலியைத் தேடிக் கட்டுவிரியன் வரும். அந்த இடம் காலியாக இருந்தால் பிளாக் மேல் ஏறும் கரையான் மண்கோடும் கண்ணில் படும். இருட்டில் டார்ச் இல்லாமல் விறகில் கை வைக்காதீர்கள்.

புரட்டாசி முடிவதற்குள் இதைச் செய்து முடிக்கத் தோதாக, தங்கள் நாளிதழில் இந்த அளவுகளை ஒரு சிறு வரைபடமாக வெளியிட்டால் உதவியாக இருக்கும். அதில் இன்னொன்றும் சேரட்டும்: கடலூர் துறைமுகத்தில் 5-ம் எண்ணோ அதற்கு மேலோ கூண்டு ஏற்றினால் ஷீட்டைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு, விறகின் தலையில் மட்டும் தார்ப்பாயைப் போட்டு நைலான் கயிற்றால் அடிக்கழியோடு இறுக்க வேண்டும். புயல் கடந்த மறுநாளே தார்ப்பாயை எடுத்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தச்சர்,
ஆல்பேட்டை, கடலூர்.